படிப்பது பிள்ளை, பரீட்சை அப்பனுக்கு

இயேசு மரி சூசை துணை

மெல்பன்,
ஜூலை மாதம்.

அன்புள்ள அத்தைக்கு மருமகன் எழுதுவது. தோத்திரம். இங்கே நாங்கள் நால்வரும் சுகம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். இனி அவர் பேப்பர் படித்துவிட்டு அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பிப்பார். வீடு பழையபடி ஆகிவிடும்.

போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: “பிள்ளைங்க பள்ளிக்கூடம் எப்படிடே இருக்கு? மதர் கண்டிப்பானவங்களா?” இதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் காகிதம்.

மதர் என்று ஒருவர் இல்லை அத்தை. பள்ளிக்கூடத்துக்குப் புனிதர் பெயர்தான், வாசலில் மாதா கெபி இருக்கிறது, வகுப்புக்கு வகுப்பு பாடுபட்ட சுரூபமும் இருக்கிறது. கன்னியர் மட்டும் ஒருவர்கூடக் கிடையாது. தலைமையாசிரியர் ஓர் ஆண். தினமும் காலையில் குளிருக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு கேட்டில் நின்று, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அவரே முதலில் வணக்கம் சொல்கிறார். நான் வாட்ச்மேன் லீவு என்று நினைத்தேன். பெற்றோர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். உங்களிடம் படித்தவன் வாயில் அது வருமா? ‘சார்’ என்று ஆரம்பித்து, பெயரைப் பாதி விழுங்கி, இருமலில் முடிக்கிறேன். எனக்கு நாள்பட்ட சளி என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

நம் ஊர் ஆர்.சி. பள்ளியில் தகப்பன்மார் வேப்பமரத்தடியைத் தாண்டி உள்ளே வருவது இரண்டே காரணத்துக்கு: டி.சி. வாங்க, அல்லது மகன் ஜன்னலை உடைத்ததற்குப் பதில் சொல்ல. இங்கே வெளியே நிற்கவே விடமாட்டேன் என்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாடு எதுவும் இல்லை. பெரியவன் மூன்றாம் வகுப்பு. சின்னவள் ஒன்றாம் வகுப்புக்கு முந்தின பிரெப் வகுப்பு. இரண்டு பேருக்கும் வீட்டுப்பாடம் ராத்திரி ஒரு கதைப் புத்தகம் வாசிப்பதுதான். மற்ற வீட்டுப்பாடம் முழுவதும் எனக்கும் உங்கள் மருமகளுக்கும். வாரா வாரம் போனில் ஒரு சுற்றறிக்கை வருகிறது. எந்த நாளில் யூனிபார்ம், எந்த நாளில் பைஜாமா, எந்த நாளில் தலைமுடியைக் கோமாளி மாதிரி சீவி அனுப்ப வேண்டும், எந்த வகுப்புக்கு நிலக்கடலை கொடுத்தனுப்பவே கூடாது, எந்தச் சனிக்கிழமை அப்பாக்கள் மண்வெட்டியோடு வந்து பள்ளித் தோட்டத்தைக் கொத்த வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. டைம்டேபிளைக்கூட நான் இவ்வளவு பயபக்தியாகப் படித்ததில்லை.

வேஷம் போடும் ஒவ்வொரு நாளும் பிள்ளை கையில் பொன்னிறக் காசு ஒன்று கொடுத்தனுப்ப வேண்டும். ஒரு டாலரும் பொன்னிறம், இரண்டு டாலரும் பொன்னிறம். இதில் ஒரு சௌகரியம், இந்த ஊரில் இரண்டு டாலர் காசு ஒரு டாலரைவிடச் சிறியது. பெரிய காசாகப் பார்த்துப் போட்டால் கொடுத்த மாதிரியும் இருக்கும், மிச்சமும் ஆகும். தவக்காலத்தில் வகுப்புக்கு வகுப்பு அட்டைப் பெட்டி உண்டியல் வந்தது, காரித்தாஸ் சபைக்கு. குளிர் தொடங்கியதும் வின்சென்ட் தே பால் சபைக்குக் கம்பளியும் சூப் டப்பாவும் கேட்டார்கள். அதெல்லாம் நியாயம். சாக்லேட் பெட்டி விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. பள்ளி ஒரு பெட்டி சாக்லேட்டைக் கொடுத்து விற்றுத் தரச் சொல்கிறது. அதை அப்பன் ஆபீசுக்குக் கொண்டுபோகிறான். அங்கே பக்கத்து மேஜைக்காரனும் அவன் மகள் பள்ளியின் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். நான் அவனிடம் வாங்க, அவன் என்னிடம் வாங்க, கடைசியில் இரண்டு பள்ளிக்கும் நிதி சேர்ந்தது, எங்கள் இருவருக்கும் தொப்பை சேர்ந்தது.

நம் ஊர்க் கோயில் அசன விருந்துக்குப் பதில் இங்கே பள்ளியில் சாசேஜ். நாலு கால் வைத்த பெரிய இரும்புத் தட்டு அடுப்பு, அதில் வரிசையாக இறைச்சிக் குழல்கள், பக்கத்தில் வெங்காயம். ஒரே ஒரு ரொட்டித் துண்டை மூலைக்கு மூலை மடக்கி, உள்ளே வைத்து, தக்காளி சாஸ் ஊற்றிக் கையில் கொடுத்தால் தீர்ந்தது. வாழை இலை இல்லை, பந்தி இல்லை, “மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு வை” என்று சத்தம் போட ஆள் இல்லை. ஆனால் அதிலும் சட்டம் உண்டு. 2018-இல் பன்னிங்ஸ் என்ற பெரிய இரும்புச்சாமான் கடைக்காரர்கள், தங்கள் வாசலில் சாசேஜ் விற்கும் சங்கங்களுக்கெல்லாம் வெங்காயத்தைச் சாசேஜுக்கு அடியில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். மேலே வைத்தால் கீழே விழுந்து யாராவது வழுக்கிவிடுவார்களாம். நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. பிரதம மந்திரி வரைக்கும் போய்க் கருத்துக் கேட்டார்கள். எங்கள் பள்ளி அடுப்பில் நான் வெங்காயப் பிரிவு. கரண்டியை யாரும் நம்பி என் கையில் கொடுக்கவில்லை.

அதற்கே காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும் என்றால் நம்புவீர்களா? பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒத்தாசைக்கு வருபவர் அதற்கென்று தனி அட்டை வாங்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் விதி. வெங்காயம் வதக்க என் பூர்வீகத்தைத் தோண்டுவானேன் என்று நானும் முணுமுணுத்தேன். பிறகு காரணம் தெரிந்தபோது வாயை மூடிக்கொண்டேன். 2013 முதல் 2017 வரை இந்த நாட்டில் ஓர் அரச ஆணையம் உட்கார்ந்து, நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்தது. நம் திருச்சபை அதில் தலைகுனிந்து நின்றது. தெரிந்தும் மூடி மறைத்தவர்கள் மேற்றிராணிமார் வரை இருந்தார்கள். அந்த அட்டை இப்போது என் பர்சில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் ஊருக்கும் வர வேண்டும் அத்தை.

உங்களுக்குச் சந்தோஷமான சேதி ஒன்று. இங்கே பங்குச் சாமியார்தான் பள்ளிக்கும் முதலாளி என்று இருந்தது. 2021 தொடக்கத்திலிருந்து மெல்பன் உயர்மறைமாவட்டப் பள்ளிகளுக்கென்று தனி நிறுவனம் ஏற்படுத்தி, நிர்வாகத்தை அதற்கு மாற்றிவிட்டார்கள். சாமியார் வருவார், பூசை வைப்பார், பிள்ளைகளோடு சிரிப்பார், போய்விடுவார். சுண்ணாம்படிக்கும் பில்லை அவர் மேஜையில் வைத்துக்கொண்டு யாரும் காத்து நிற்க வேண்டியதில்லை. உங்கள் கரஸ்பாண்டன்ட் சாமியாரிடம் நீங்கள் பட்ட பாட்டை நினைத்தேன். பத்து வருஷம் பிந்திப் பிறந்து இங்கே வந்திருக்கலாம் நீங்கள்.

ஏ.இ.ஓ. ஆபீசுக்கு கிராண்ட் கேட்டு நீங்கள் நடந்த நடைக்கு ஈடாக இங்கே ஒரு பெரிய கதை இருக்கிறது. சிட்னிக்கும் கான்பெராவுக்கும் நடுவில் கோல்பர்ன் என்று ஓர் ஊர். அந்த மாநிலத்தில் 1880-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு சபைப் பள்ளிகளுக்கு அரசு சல்லிக்காசு தரவில்லை. ஐரிஷ் ஏழை ஜனங்கள் கைக்காசைப் போட்டு, சம்பளமில்லாத கன்னியரை வைத்து, தலைமுறை தலைமுறையாகப் பள்ளி நடத்தினார்கள். 1962-இல் அங்கே கன்னியர் நடத்திய ஒரு சின்னப் பள்ளிக்குக் கூடுதல் கழிப்பறை கட்டியே ஆக வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். காசு? அது உங்கள் பாடு என்றார்கள். ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டார்கள். ஜூலை மாதம் கோல்பர்னிலிருந்த கத்தோலிக்கப் பள்ளிகளையெல்லாம் இழுத்துப் பூட்டி, சுமார் 2,000 பிள்ளைகளை யூனிபார்மோடு அரசாங்கப் பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். “வரி கட்டுகிறோம், சேர்த்துக்கொள்ளுங்கள்.” சில நூறு பேருக்குத்தான் இடம் இருந்தது. ஒரு வாரத்தில் பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள், ஆனால் கணக்கு எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அடுத்த வருஷமே பிரதமர் மென்சிஸ், சபைப் பள்ளிகளுக்கும் சேர்த்து விஞ்ஞானக் கூடம் கட்டப் பணம் தருவதாகத் தேர்தலில் வாக்குக் கொடுத்தார். கழிப்பறை கேட்டால் விஞ்ஞானக் கூடம் கிடைத்தது! அன்று திறந்த மடை. இன்று இந்த நாட்டில் ஐந்து பிள்ளைகளில் ஒன்று கத்தோலிக்கப் பள்ளியில். செலவில் பெரும்பங்கு அரசுப் பணம். மீதிக்கு எங்களிடம் பீஸ், சாக்லேட், வெங்காயம்.

வகுப்பைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஐரிஷ்காரர்கள் கட்டியது, போருக்குப் பிறகு இத்தாலிக்காரர்கள் நிரப்பியது, இப்போது பெயர்ப் பட்டியலை வாசித்தால் வியட்நாம், பிலிப்பைன்ஸ், லெபனான், கேரளா. இரண்டாம் மொழி என்று இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரியவன் இட்லிக்கு இத்தாலியனில் நன்றி சொல்கிறான். தமிழுக்குச் சனிக்கிழமை தனி வகுப்பு. அங்கே வராத தூக்கமெல்லாம் வருகிறது.

அவனுக்கு இந்த வருஷம் பாவசங்கீர்த்தனத் தயாரிப்பு. பிறகுதான் புது நன்மை. நம் ஊரில் என்றால் உபதேசியார் பத்துக் கட்டளையை ஒப்பிக்கச் சொல்வார், தப்பினால் காதைத் திருகுவார், விஷயம் முடிந்தது. இங்கே பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு சாயங்காலம் வர வேண்டும் என்றார்கள். நானும் உத்தம மனஸ்தாப மந்திரம் வரை பழையதையெல்லாம் உருப்போட்டுக்கொண்டு போனேன். ஒன்றையும் கேட்கவில்லை. வண்ணப் பென்சிலைக் கையில் கொடுத்து, “உங்களை யாராவது மன்னித்த அனுபவத்தைப் படமாக வரைந்து பக்கத்திலிருப்பவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்” என்றார்கள். பக்கத்திலிருந்தவர் முன்பின் தெரியாத ஒரு பிளம்பர். அவர் ஒரு நாய் வரைந்தார். நான் ஒரு வேப்பமரம் வரைந்தேன். இருவரும் தலையாட்டிக்கொண்டோம். மகன் மட்டும் அழகாக, தங்கச்சி பொம்மையின் தலையைப் பிடுங்கியதை வரைந்தான். பொம்மையைக் காணோம் என்று வீட்டில் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 8 மேரி மக்கிலப் திருநாள். 1842-இல் இதே மெல்பனில் பிறந்தவர். 1866-இல் பெனோலா என்ற ஊரில், பாழாய்க் கிடந்த குதிரை லாயத்தை அவர் தம்பி செப்பனிட்டுக் கொடுக்க, அதில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்தார். 1871-இல் அடிலெய்டு மேற்றிராணியார் அவரைச் சபைக்குப் புறம்பாக்கினார். தாம் சாகுமுன் அந்த மேற்றிராணியாரே அதை நீக்கினார். 2010-இல் அதே சபை அவரைப் புனிதராக்கியது, ஆஸ்திரேலியாவின் முதல் புனிதர். திருநாளை ஒட்டி அவரவர் ஊர்ப் புனிதரைப் பற்றி அட்டை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவன் நம் தேவசகாயத்தை எடுத்துக்கொண்டான். எருமை மேல் ஏற்றி ஊர்வலம் விட்ட படத்தைப் பார்த்து, “எருமை சவாரி தண்டனையா, பரிசா?” என்று ஆசிரியை கேட்டாராம்.

அதே மாதம் புத்தக வாரம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கதாபாத்திர வேஷத்தில் ஊர்வலம் வர வேண்டும். பிள்ளைக்கு ஐந்து நிமிஷ ஊர்வலம், தாய்க்கு மூன்று ராத்திரித் தையல். மெம் ஃபாக்ஸ் எழுதிய ‘பாஸம் மேஜிக்’ இங்கே எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். பாஸம் என்பது இங்கே மரத்தில் வாழும் ஒரு பிராணி. கதையில் பாட்டிப் பாஸம் மந்திரம் போட்டு, பேத்திப் பாஸம் யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும். அந்தப் பாஸமாகப் போனால் வேஷமே தைக்க வேண்டாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். அன்று ராத்திரி வீட்டில் நான்தான் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு இங்கே தந்தையர் தினம். அதற்கு முன் பள்ளியில் ஒரு கடை போடுவார்கள். பிள்ளைகள் காசு கொண்டுபோய் அப்பாவுக்குப் பரிசு வாங்கலாம். காசு நான் கொடுப்பேன், சாவிக்கொத்து எனக்கு வரும்.

இப்போது உங்களிடம் வேலை. இயேசுவின் தாத்தா பாட்டியான சுவக்கின் அன்னம்மாள் திருநாளை ஒட்டி, ஜூலை கடைசியில் தாத்தா பாட்டிகளை வகுப்புக்கு அழைக்கிறார்கள். தூரத்திலிருப்பவர்கள் வீடியோவில் வரலாமாம். இங்கே காலை ஒன்பதரை, உங்களுக்கு ஐந்து மணி. முதல் பூசைக்கு எழுந்திருக்கிற நேரம்தான். மாமாவைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், பிரெப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து நூறாவது நாள். அன்று எல்லாப் பிஞ்சுகளும் நூறு வயதுக் கிழவன் கிழவியாக வேஷம் போட்டு வரும். நரைக்குப் பவுடர், தோளில் சால்வை, கையில் தடி. தாத்தா பாட்டி மனம் நோகுமே என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சின்னவள் யார் மாதிரிப் போக வேண்டும் என்று யோசித்து, அத்தைப் பாட்டி மாதிரி என்று தீர்மானித்துவிட்டாள். நூறு வயது உங்களுக்கு ஆகவில்லை என்று நான் எவ்வளவோ வாதாடினேன், “கிட்டத்தட்ட” என்கிறாள். ஆகவே, ரிட்டயர்மெண்ட் அன்று எடுத்த போட்டோவை, அந்தக் கறுப்பு பிரேம் கண்ணாடியும் குடையுமாக நிற்கிறீர்களே, அதைப் போனில் அனுப்பிவையுங்கள். கஞ்சி போட்ட காட்டன் சேலையை எப்படி மடிப்புக் கலையாமல் கட்டினீர்கள் என்று உங்கள் மருமகளுக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுங்கள். பிரம்பு மட்டும் வேண்டாம். சின்னவள் கேட்கத்தான் செய்கிறாள். ஆனால் கேட்டில் அந்தத் தலைமையாசிரியர் நிற்பார், அது எதற்கு என்று கேட்பார், நான் இருமிக்கொண்டே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மாமாவுக்குத் தோத்திரம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்