தண்ணீர்மலைக் குயிலும் இளவேனிலும்: ஓர் ஆராய்ச்சி

இளவேனில் பிறந்தால் குயில் கூவும் என்பது தமிழ் மரபு. அம்மரபு பினாங்கில் செல்லுமா என்பதே ஈண்டு ஆராய்ச்சி. களம்: பழைய கல்லுடைப்பு மேட்டில் 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் எழுந்த தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்கா. காலம்: காலை நடைக்கும் பசியாறலுக்கும் இடைப்பட்டது. கருவி: ஒரு பைனாகுலர், அதைக் குரங்குகளிடமிருந்து காக்க ஒரு குடை.

பினாங்கு நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஐந்து பாகையளவில் கிடக்கிறது. ஆறு பெரும்பொழுதில் இங்கு வாய்ப்பவை காரும் முதுவேனிலுமே. அவையும் பல நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முன்பனி, பின்பனி வேண்டுவோர் ஐஸ் கச்சாங் கடைக்குச் செல்க. ஆதலின் உள்ளூரார் ஆண்டைத் தைப்பூசம், டுரியான், பள்ளி விடுமுறை எனப் பகுத்துக்கொண்டனர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் மயில் தோகை ஏராளம் தென்படும். காவடியில் இருப்பதைப் பறவைக் குறிப்பேட்டில் ஏற்றலாமா என்பதில் நடைத்தோழர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

நிற்க. குயில் இங்கே பொங்கலுக்கும் கூவுகிறது, டுரியான் விழும் ஜூனிலும் கூவுகிறது. அற்றேல் ஆண்டு முழுதும் இளவேனிலோ எனின், அன்று. முன்னாளில் குயில் மலாயாவுக்குக் குளிர்கால விருந்தாளி மட்டுமே. வடக்கிலிருந்து வரும், போய்விடும். 1890களில் கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் புழுத்தொல்லை. அதைத் தின்று தீர்க்க இலங்கையிலிருந்து காக்கைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். காப்பி போயிற்று, ரப்பர் வந்தது, காக்கை திரும்பவில்லை. (வேலைக்கென்று வந்து திரும்பாதவர் காக்கைகள் மட்டுமல்லர் என்பதை இவ்விடத்து வாசகர் நினைவிற் கொள்க.) காக்கை நகரெங்கும் பெருகவே, கூடு கட்டும் வழக்கமில்லாத குயிலும் அதன் கூட்டில் முட்டையிட்டு இங்கேயே குடியேறிற்று. வாடகையில்லா வீடும் சம்பளமில்லாச் செவிலியும் வாய்த்தபின் ஊர் திரும்புவார் யார்?

பருவம் தவறாத பறவையும் உண்டு: தகைவிலான். வட ஆசியாவில் குளிர் தலைகாட்டியதும் புறப்பட்டு, செப்டம்பர் வாக்கில் நம் மின்கம்பிகளில் வந்து வரிசையாய் அமரும். மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். ஆயினும் புலவர் எவரும் அதைத் தூது விட்டதாய்த் தெரியவில்லை.

முடிபு: பினாங்கில் பருவம் அறிய விழைவோர் குயிலை நம்பற்க. கம்பிக்குக் கீழே நிறுத்திய காரின் கூரையைப் பார்க்க.