அரை நொடி

யாராவது தொழில் என்னவென்று கேட்டால் "காட்டுயிர் போட்டோகிராஃபர்" என்று சொல்லிக்கொள்கிறேன். வீட்டு வாடகையைக் கட்டுவது என்னவோ கோயம்புத்தூர் வீட்டு நாய்கள்தான். அவையும் என்னை விட்டுவைக்கவில்லை. போன வருஷம் ஒரு கறுப்பு லாப்ரடாருக்குப் பிறந்தநாள். கேமராவின் மீட்டர் எந்தக் கறுப்பையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். நாம்தான் ஒளியைக் கொஞ்சம் குறைத்துவைக்க வேண்டும். அந்தப் பாடத்தைக் காசு வாங்கிக்கொண்டு பிறருக்கு நடத்துகிறவன் நான். ஆல்பத்தைப் புரட்டிய வீட்டம்மா கேட்டார்: "என்ன சார், எங்க ராஜாவுக்கு நரைச்சிடுச்சா?"

நாய்க்காவது மறுபடி பிறந்தநாள் வரும். இருவாச்சி விஷயம் அப்படியில்லை.

பெட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச்சக்கையையும் அப்பி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீளுகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். சாப்பாடெல்லாம் ஆண் கொண்டுவந்து கொடுப்பதுதான். மார்ச் மாதம், வால்பாறைப் பக்கம் அப்படி ஒரு பொந்துக்கு எதிரே இருட்டிலேயே போய் உட்கார்ந்தோம், நானும் வழிகாட்ட வந்த காடர் தம்பியும். விடிந்து வெகுநேரம் கழித்து, நீராவி ரயில் மூச்சு வாங்குவதுபோல இறக்கைச் சத்தம். ஆண் வந்து பொந்தருகே பற்றிக்கொண்டது. தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழம் அலகு நுனிக்கு வந்தது. அதைக் கீற்றுக்குள் நீட்டியது. அடுத்தது. அதற்கடுத்தது. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

தம்பி காதோரம் கிசுகிசுத்தான்: "அண்ணே, கேமரா என்ன இன்னைக்கு இழுத்து இழுத்துச் சத்தம் போடுது?"

"பறவைக்குத் தொந்தரவு இல்லாம இருக்க அப்படி வெச்சிருக்கேன்."

அவன் நம்பினான். கொடுமை, நானும் நம்பினேன். பறவை முன்னால் இருக்கும்போது திரையைப் பார்ப்பவன் கத்துக்குட்டி என்பது என் கொள்கை, அதனால் பார்க்கவில்லை. முந்தைய நாள் மாலை குரங்கு அருவியில், தண்ணீர் பால்போல விழ வேண்டுமென்று ஷட்டரை அரை நொடியில் வைத்திருந்தேன். அது அங்கேயே இருந்தது. நாற்பத்தேழு படம், நாற்பத்தேழும் மஞ்சள் கரைந்த கரிப்புகை. பல கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுச் செய்த கருவியோடு இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் எடுத்த யானைப் படங்கள் நினைவுக்கு வந்தன. என் கேமராவுக்கு இன்னும் மாதத் தவணை பாக்கி.

இறங்கும் வழியில், நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில், முதுகில் வெள்ளைச் சேணம் போட்டதுபோல ஒரு கிழட்டு ஆண் வரையாடு பாறைமேல் நின்றது. நான் லென்ஸ் மாற்றக் குனிந்தேன். கழற்றி, துடைத்து, பூட்டி நிமிர்ந்தபோது வெறும் பாறை. பொள்ளாச்சி போகிற வழியில் இறக்கிவிடச் சொல்லி வால்பாறையில் காரில் ஏறிய என் மனைவியின் அக்கா, ஜன்னல் வழியே செல்போனை நீட்டி ஒரே ஒரு படம் எடுத்திருந்தார்.

அதுதான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதன்முன் நின்று, "தொழில்காரர் கை தனிதான்!" என்பார்கள். நான் காபி எடுத்து வருவதாக அடுக்களைக்குள் போய்விடுவேன். அக்கா வந்திருக்கும் நாட்களில் மட்டும் கொஞ்சம் அதிகநேரம் அங்கேயே நிற்கிறேன்.