ஷூ மட்டும் போட்டுக்கொண்டவன்

எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். மூலம் தேடிப் போனால், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜனிடம் போய் நிற்கிறது. ஆபரேஷன் ஆனவர்களுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாளாவது பிடிக்கிறது என்று 1960-இல் எழுதினார். அந்த 'குறைந்தது' வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. தவிர, என் பிரச்சினை முகத்தில் இல்லை, வயிற்றில்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு காரியம் யோசிக்காமலே கை வர சராசரியாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18-ம் ஆகலாம், 254-ம் ஆகலாம். நடுவில் ஒரு நாள் விட்டால் குடி முழுகாது என்றும் சொன்னார்கள். மொத்த ஆராய்ச்சியில் எனக்கு மனப்பாடமானது அந்தக் கடைசி விஷயம்தான்.

ஸ்டான்ஃபோர்டின் பி.ஜே. ஃபாக் இன்னும் இரக்கமுள்ளவர். ரொம்பச் சின்னதாகத் தொடங்கு, அதையும் ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தோடு முடிச்சுப் போடு என்கிறார். வாக்கிங் போக வேண்டுமா? முதலில் ஷூவை மட்டும் போட்டுக்கொள். எனக்கு அசைக்க முடியாத பழக்கம் என்றால் காலை காபி. ஆகவே காபி, உடனே ஷூ.

அபாரமாக வேலை செய்தது. இப்போதெல்லாம் டம்ளரைக் கீழே வைத்ததும் கை தானாக லேஸைக் கட்டுகிறது, இரட்டை முடிச்சோடு. பிறகு அதே நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரிக்கிறேன். "வாக்கிங் முடிச்சாச்சா சார்?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "இப்பதான்" என்கிறேன். இப்பதான் என்ன என்று அவர் கேட்டதில்லை.

ஆசையைக் காட்டி இழுக்கும் வழியும் உண்டு. பென்சில்வேனியாவில் கேட்டி மில்க்மேன் குழுவினர் விறுவிறுப்பான ஆடியோ கதைகளை ஐபாடில் போட்டு ஜிம்மிலேயே பூட்டி வைத்தார்கள். கதை கேட்க ஆட்கள் வந்தார்கள். நானும் நடக்கும்போது மட்டும் 'பொன்னியின் செல்வன்' என்று சபதம் எடுத்தேன். வந்தியத்தேவன் குதிரையில் பறந்தான். நான் பார்க் பெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கேயும் தேங்க்ஸ்கிவிங் லீவு வந்ததும் உற்சாகம் வடிந்துவிட்டதாம். அவர்களை ஒரு பண்டிகையே கவிழ்த்துவிட்டது. நமக்கோ பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையில் தொடங்கி, சுண்டல், அதிரசம் என்று பொங்கல் வரை இடைவெளியே இல்லை. எனவே தை பிறக்கட்டும் என்று இருக்கிறேன். எந்த வருஷத்துத் தை என்று மட்டும் கேட்காதீர்கள்.