தோசைக்கல்லுக்கு ஒரு சந்நிதி

நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியிலே, ஃப்ளஷிங் என்னும் க்ஷேத்திரத்தில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ மகா வல்லப கணபதி தேவஸ்தானத்துத் தர்மகர்த்தாக்கள் சமுகத்துக்கு, அடியார் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் ஒருவன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்ட விக்ஞாபனம்.

உபய க்ஷேமம். தேவஸ்தானத்தின் பேரில் எனக்கு யாதொரு மனத்தாங்கலும் கிடையாது என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். ஐக்கிய நாடுகள் சபையில் உத்தியோகம் பார்த்துவந்த அழகப்பா அழகப்பன் அவர்களும் அவரைச் சேர்ந்த சில அன்பர்களும் 1970இல் ஒரு சங்கத்தை ஸ்தாபித்து, பாரத தேசத்திலிருந்து கருங்கல்லைக் கப்பலேற்றி வரவழைத்து, 1977 ஜூலை 4ஆம் தேதி, இந்த நாட்டார் தங்களுடைய சுதந்திரத் திருநாளுக்கு வாணவேடிக்கை விடும் அதே தினத்தில், கும்பாபிஷேகத்தை நடத்தி முடித்த வரலாறு எனக்குத் தெரியாததன்று. எனது விண்ணப்பமெல்லாம், இத்தனை பிரயாசையோடு மேலே நிறுத்தப்பட்ட சந்நிதிகளுக்கும், கீழ்த்தளத்திலே யாரும் பிரதிஷ்டை செய்யாமலே பிரசித்தி பெற்றுவிட்ட கான்டீனுக்கும் இடையே உள்ள உறவைச் சமுகத்தார் சாஸ்திரோக்தமாக ஒழுங்கு செய்து தர வேண்டும் என்பதுதான்.

ஒரு ஸ்தலத்துக்கு மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்று சிறப்புகள் சொல்வது மரபு. ஏழாம் எண் ரயிலில் ஏறி, மெயின் ஸ்ட்ரீட் என்னும் கடைசி நிலையத்தில் இறங்கி, சீனக் கடைகளின் ஜனசமுத்திரத்தை நீந்தி, பவுன் ஸ்ட்ரீட் வழியே ஆவலோடு நடந்து வருகிற பக்தர்களிடம் விசாரித்துப் பார்த்தால், தோசையே மூர்த்தி, கீழ்த்தளமே தலம், காப்பியே தீர்த்தம் என்று அவர்கள் சித்தாந்தம் செய்துவைத்திருப்பது புலனாகும். மேலே போகாமலா இருக்கிறார்கள்? போகிறார்கள். பிள்ளையாருக்கு ஒரு பிரதட்சிணமே போதும் என்று பெரியோர் விதித்தது பசித்து வருகிறவர்களை உத்தேசித்துத்தானோ என்று எண்ணும்படி, ஒரே சுற்றில் அவரை முடித்துவிட்டு, அந்தச் சலுகையைச் சிவபெருமானுக்கும் சண்முகனுக்கும் வேங்கடவனுக்கும் தாங்களாகவே விஸ்தரித்து, தோப்புக்கரணத்தின் கடைசிக் குனிதலைப் படியிறங்கும் முதல் அடியோடு இணைத்துவிடுகிற சாமர்த்தியம் வேறெந்த க்ஷேத்திரத்திலும் நான் காணாதது.

மேலே அர்ச்சகர், "நட்சத்திரம்?" என்று கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்க்கிறார் ஒரு கனவான், கோத்திரம் கேட்டால் இருவரும் சேர்ந்து விழிக்கிறார்கள். அதே கனவான் கீழே வந்து, கையில் ஒரு துண்டுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, அதிலுள்ள எண்ணைக் காயத்திரியைப் போல உதடசைய ஜபித்தவராய், அடுப்படியிலிருந்து வரும் அசரீரிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற ஏகாக்கிரத்தைப் பார்த்தால் பதஞ்சலி முனிவரே மெச்சுவார். எண்ணைக் கூப்பிட்டதும், தட்டின் இரு புறமும் நீட்டிக்கொண்டிருக்கும் பேப்பர் ரோஸ்டைக் கூட்டத்தின் நடுவே சேதமில்லாமல் தாங்கி வரும்போது அவர் காட்டுகிற நிதானம், உற்சவமூர்த்தியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளுக்கும் எளிதில் வாய்க்காது.

இந்த ஊரிலே பிறந்த குழந்தைகளின் நிலைமை இன்னும் விசேஷமானது. "கோயிலுக்குப் போகலாமா?" என்றதும் அவை துள்ளிக்கொண்டு காரில் ஏறுகின்றன. பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். கோயில் என்பது மேசை நாற்காலி போட்ட இடம், அதற்கு மேலே செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டிய இன்னொரு மாடியும் இருக்கிறது என்பது அக்குழந்தைகளின் கொள்கை என்று நான் சொன்னால் அவர்களுடைய பூரிப்புக் கெட்டுவிடும், ஆகையால் சொல்வதில்லை.

ஜான் பவுன் என்பவர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் கூடித் தொழுவதற்குத் தம் வீட்டைத் திறந்துவிட்ட குற்றத்துக்காக 1662இல் கைதாகி, நாடு கடத்தப்பட்டு, ஹாலந்து வரை சென்று வழக்காடி ஜயித்துத் திரும்பினார். அவர் பெயரைத் தாங்கிய வீதியிலேதான் நமது தேவஸ்தானம் இருக்கிறது. அவர் பாடுபட்டுத் தேடிய வழிபாட்டுச் சுதந்திரத்தை நாம் பிரதானமாகச் சட்டினியின் விஷயத்தில் பிரயோகித்து வருகிறோம் என்பது அந்தப் புண்ணியவானுக்குத் தெரியாமலிருப்பதே நல்லது.

இனி, சமுகத்தார் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள். விரத நாளில் ஒரு வேளை சோற்றை விலக்கிப் பலகாரம் செய்வது நம் முன்னோர் வயிற்றோடு செய்துகொண்ட சமரசம். மசால் தோசையும், அதன் பின்னே ஒரு வடையும், வடைக்குத் துணையாக இன்னொரு கிண்ணம் சாம்பாரும் அந்தச் சமரசத்தின் எல்லைக்குள் அடங்குமா? சஷ்டிதோறும் எதிர்மேசையில் ஒருவர் அடங்கும் என்ற முடிபோடு அமர்ந்திருக்கிறார். நானும் அவர் கட்சி. ஆயினும் எழுத்து மூலமாக ஓர் உத்தரவு இருந்தால் வீட்டிலே காட்டச் சௌகரியமாயிருக்கும்.

மடைப்பள்ளிக்கு அக்கினி மூலையை ஒதுக்கிய ஆகமம் கான்டீனைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. மடைப்பள்ளியில் ஆவது சுவாமிக்கு; நிவேதனமான பிறகே நமக்கு. கான்டீனில் ஆவதோ நேரே நமக்கு. குபேரன் வைத்த விருந்தை அடிப்பாத்திரம் வரை உண்டு தீர்த்து, பிறகும் பசியென்று அவன் களஞ்சியத்தின் மேல் கண்வைத்த பிள்ளையார், தமது பாதத்துக்கு நேர் கீழே நாள் முழுவதும் தோசை வார்க்கப்படுவதை அறிந்தும், மோதகத்தோடு திருப்தியடைந்து பொறுமையாக வீற்றிருக்கிறார் என்பதை நினைக்க எனக்கு உள்ளபடியே அச்சமாயிருக்கிறது. நாளின் முதல் தோசையை மேலே அனுப்பிவிடுவது எல்லாருடைய க்ஷேமத்துக்கும் நல்லது. அது மொறுமொறுப்பு மாறாமல் படியேறுமா என்பது பற்றிச் சமையற்காரரைக் கலந்துகொள்ளவும்.

தங்களது மறுமொழியைச் சந்நிதிக்கு எதிரேயுள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டாம். நாங்கள் யாரும் பார்க்க மாட்டோம். காப்பி கொடுக்கும் இடத்துக்கு அருகே ஒட்டினால் அன்று மாலைக்குள் குவீன்ஸ் முழுவதும் தெரிந்துவிடும்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
சீட்டு கையிலுள்ள பக்தன்.