கவரேஜ் ஜி

எங்கள் ஆபீசில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் அவர் 'கவரேஜ் ஜி'. பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், எந்த மாடியில் லிஃப்டை விட்டு இறங்கினாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். கழுத்தில் ஐடி கார்டு, கையில் காபி, திரையில் 80.1 சதவீதம்.

அந்த 80தான் ஜியின் குலதெய்வம். எழுதிய கோடில் எத்தனை வரிகளை யூனிட் டெஸ்டுகள் ஓட்டிப் பார்த்தன என்ற கணக்குக்குப் பெயர் கவரேஜ். சோனார்கியூப் மாதிரிக் கருவிகள், புதிய கோடுக்கு 80 சதவீதம் இல்லாவிட்டால் உள்ளே விடாமல் வாசலில் கயிறு கட்டி வைத்திருக்கும். கயிற்றைத் தாண்ட ஜி கண்டுபிடித்த வழி சுலபமானது. வரி ஓடினால் போதும். சரியாக ஓடியதா என்று கயிறு கேட்பதில்லை. ஆகவே வாடிக்கையாளருக்கு 'ரமேஷ்' என்று பெயர் வைப்பார். அடுத்த வரியில் "உன் பேர் என்ன?" என்று கேட்பார். 'ரமேஷ்' என்று வரும். டெஸ்ட் பாஸ். இதே மாதிரி முகவரிக்கு ஒன்று, பின்கோடுக்கு ஒன்று. பிள்ளைக்குப் பெயர் வைத்த கையோடு, "பேர் ஞாபகம் இருக்காடா?" என்று தொட்டிலைக் குலுக்கிக் கேட்கும் அப்பா இவர் ஒருவர்தான்.

டெஸ்டுகளுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் இந்த அக்கறை கிடையாது. டெஸ்ட்1, டெஸ்ட்2, டெஸ்ட்2நியூ, டெஸ்ட்ஃபைனல், டெஸ்ட்ஃபைனல்2. மேனேஜர் ஒருநாள் கேட்டார்.

"எது உடைஞ்சிருக்கு?"

"டெஸ்ட்ஃபைனல்2 சார்."

"அது என்ன பாக்குது?"

"பில்லிங் சார்."

"பில்லிங்ல என்ன?"

"எல்லாம் சார்."

ஜி பொய் சொல்லவில்லை. அந்த ஒரே டெஸ்ட் 150 வரி. நாங்கள் செய்வது ஓட்டல்களுக்கான பில்லிங் மென்பொருள். 240 ரூபாய் சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 252 வர வேண்டும். இதைச் சோதிக்க மூன்று வரி போதும். வேண்டியதை எடுத்து வை, ஒரு வேலையைச் செய், வந்ததைச் சரிபார். இதற்கு 'அரேஞ்ச், ஆக்ட், அசெர்ட்' என்று 2001-ல் பெயர் கொடுத்தவர் பில் வேக். பில்லைச் சோதிக்க வழி சொன்னவர் பெயரும் பில்தான் என்றபோது ஜி ரசித்துச் சிரித்தார். வழியைத்தான் பிடித்துக்கொள்ளவில்லை. அவருடைய டெஸ்டில் சாப்பிட வந்தவரின் பிறந்த தேதி, மேஜை எண், பரிமாறியவர் பெயர், பார்க்கிங் டோக்கன் எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் 23 அசெர்ட். முதல் அசெர்ட் விழுந்தால் மீதி 22-ம் வாயே திறக்காது.

அடுத்து ஜியின் தனித் திறமை: மாக். டேட்டாபேஸ், பேமென்ட் மாதிரி வெளியாட்களுக்குப் பதிலாக நிறுத்தும் டூப்புக்கு அந்தப் பெயர். சண்டைக் காட்சிக்கு டூப் போடுவது நியாயம். ஜி ஹீரோவுக்கு டூப், வில்லனுக்கு டூப், அடிபடும் மேஜைக்கும் டூப் போடுவார். ஜிஎஸ்டி கணக்குப் போடும் பகுதியையே மாக் செய்து, "கேட்டா 252-ன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு கேட்பார். 252 என்று சொல்லும். வேலிக்கு ஓணான் சாட்சி.

ஜாவா டெஸ்டுகளை ஓட்டும் ஜேயூனிட்டை 1997-ல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டா போகும் விமானத்தில் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள் என்று யாரோ ஜியிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் கம்பெனி கேபில், சோழிங்கநல்லூர் சிக்னலில்தான் டெஸ்ட் எழுதுகிறார். சிக்னல் பச்சையானால் டெஸ்டும் பச்சை.

போன மாதம் ரிலீஸ் இரவு. மணி 12.20. டெஸ்ட்ஃபைனல்2 சிவப்பானது. காரணம் கேட்டால் திரையில் ஒரே வரி: 'உண்மையை எதிர்பார்த்தேன், பொய் வந்தது.' காதலில் தோற்றவன் எழுதிவைத்துவிட்டுப் போன சீட்டு மாதிரி. யார் பொய், எதில் பொய் என்று ஒரு தகவலும் இல்லை.

"ரீரன் குடும்மா," என்றார் ஜி, புதிதாகச் சேர்ந்த மதுரைப் பெண்ணிடம். சிவப்பு. "என் மெஷின்ல பாஸ் ஆவுதே!" ஐந்து விநாடி ஸ்லீப் போட்டார். சிவப்பு. பத்து விநாடி ஆக்கினார். நிதானமாகச் சிவந்தது. கடைசியில் அந்த டெஸ்டின் தலையில் 'டிஸேபிள்ட்' போட்டு, பக்கத்தில் 'தற்காலிகம்' என்று கமெண்ட் எழுதினார். அதே ஃபைலில் ஏற்கெனவே ஐந்து 'தற்காலிகம்' உட்கார்ந்திருந்தன. மூத்தது 2019-ல் வேலைக்குச் சேர்ந்தது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை.

காலை 9 மணிக்கு அந்தப் பெண் டிஸேபிள்டை எடுத்துவிட்டு ஓட்டினாள். பச்சை!

"பாத்தியா, தானா சரியாப்போச்சு," என்றார் ஜி.

அவள் நம்பவில்லை. பேப்பர், பென்சில் எடுத்துக்கொண்டு 150 வரிகளையும் படித்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திருடன் அகப்பட்டான். பில் எண்ணில் அன்றைய தேதி வரும். கோட் அதை இந்திய நேரப்படி எடுக்கிறது. டெஸ்டோ தான் ஓடுகிற மெஷினின் தேதியைப் பார்க்கிறது. சர்வரின் கடிகாரம் யுடிசி, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஆக நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை கோடுக்கு இன்று, டெஸ்டுக்கு நேற்று. ஜியின் லேப்டாப்பில் இரண்டும் சென்னை நேரம், எப்போதும் சமாதானம்.

கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றினாள். டெஸ்டில் நேரத்தை 12.20 என்று ஆணியடித்தாள். ஆறு வரி. பெயர்: 'நள்ளிரவு_தாண்டிய_பில்லில்_புதிய_தேதி_வர_வேண்டும்'. தமிழில் பெயர் வைத்தால் ஜாவா கம்பைலர் முகம் சுளிப்பதில்லை. ஜிதான் சுளித்தார்.

"பழைய டெஸ்ட்லயும் இதுலயும் 240 ரூபாய் பில்லு ரிப்பீட் ஆவுதேம்மா? பொதுவா ஒரு இடத்துல போடலாமே?"

"இருக்கட்டும் ஜி. ராத்திரி தூக்கக் கலக்கத்துல படிக்கிறவங்க நாலு ஃபைல் ஏறி இறங்கக் கூடாது."

ஜி அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தார்.

"இது உடைஞ்சா, பேரப் பாத்தே சொல்லிரலாம்ல?"

"அதுக்குத்தான் ஜி."

"சரி, கவரேஜ் ஏறுமா?"

"ஏறாது ஜி. அந்த வரியெல்லாம் முன்னாடியும் ஓடிட்டுதான் இருந்துச்சு."

ஜி அன்று மாலை கேபில் டெஸ்ட் எழுதவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

பச்சையாக இருக்கும்வரை ஜியின் டெஸ்டும் அவள் டெஸ்டும் ஒன்றுதான். சிவப்பாகிற இரவில் எது பேசுகிறது என்பதில்தான் வித்தியாசம். உங்கள் டீமில் எது என்று தெரிய வேண்டுமா? இன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் கோடில் அந்த 5 சதவீதத்தை 50 ஆக்கி டெஸ்டுகளை ஓட்டிப் பாருங்கள். 240 ரூபாய் சாப்பாட்டுக்கு 360 ரூபாய் பில் வந்தும் எல்லாம் பச்சையாகவே சிரித்தால், உங்கள் பக்கத்து நாற்காலியில் ஒரு ஜி இருக்கிறார். அல்லது அது உங்கள் நாற்காலியே.

பார்த்த பிறகு, தயவுசெய்து அந்த 50-ஐத் திரும்ப 5 ஆக்கிவிட்டுக் கிளம்புங்கள்.