லாட்டில் வந்த அமெரிக்கா

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலையில் போனால், தகரக் கூரை போட்ட ஒரு பழைய சாமான் கடை கட்டாயம் கண்ணில் படும். கூரைக்குக் கீழே இருப்பது விற்கிற சரக்கு. வெளியே வெயிலில் கிடப்பது விற்காத சரக்கு. இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பற்றித்தான் பேச்சு. சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் இவருக்குப் பங்காளிகள் உண்டு. அங்கே பேச்சு வேறு, நாற்காலி இதேதான்.

'தெரியலீங்க' என்று இவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. எந்த இரும்பைக் காட்டினாலும் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டுவார். கிரீஸை நகத்தால் சுரண்டி மோந்து பார்ப்பார். "இது பழைய டாட்டாவுதுங்" என்று தீர்ப்பு வந்துவிடும். பத்துக்கு ஒன்பது சரியாகவே இருக்கும். அந்தச் சாலைக்கு வந்து சேரும் பத்து இரும்பில் ஒன்பது டாட்டாவோ லேலண்டோதான் என்பதால் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. சிக்கலெல்லாம் பத்தாவதில்.

பத்தாவது எப்போதும் லாட்டில்தான் வரும். துறைமுகத்திலோ சுரங்கத்திலோ கழித்த சாமான்களைக் குவியல் குவியலாக ஏலம் விடுகிறார்கள். நல்ல கியர்பாக்ஸ் நாலு வேண்டுமென்றால், கூடவே யாருக்கும் வேண்டாத எட்டு உருப்படிகளையும் அள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அப்படித்தான் நம்மவர் கடையில் ஒரு முன் ஆக்சில் வந்து இறங்கியது. அரை டன்னுக்குக் குறையாது. இறக்கிய இடத்திலேயே கிடந்தது, ஏனென்றால் அதை நகர்த்த வேண்டுமானால் மறுபடி கிரேனுக்கு வாடகை கொடுக்க வேண்டும்.

நம் லாரிகளின் முன் ஆக்சில் ரொம்பச் சாது. காய்ச்சி அடித்த நீளமான இரும்பு பீம், அதன் இரு நுனியிலும் கிங்பின், அதில் திரும்பும் ஸ்டப் ஆக்சில், அதற்கு மேல் ஹப். பாரம் தாங்குவது, சொன்ன பக்கம் திரும்புவது, இந்த இரண்டோடு அதன் வேலை முடிந்தது. இழுவையெல்லாம் பின்சக்கரத்தின் பாடு. வந்து இறங்கியதோ வேறு ஜாதி. நடுவே சற்று ஒரு பக்கமாகத் தள்ளிப் பெரிய தொப்பையாக ஒரு கிரவுன் ஹவுசிங் இருந்தது. சக்கரம் திரும்பும் இடத்தில், உள்ளே ஜாயின்ட் ஒளிந்திருக்கும் உருண்டை மூடிகள். முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியின் ஆக்சில் அது.

"மிலிட்டரி சக்திமானுங்" என்றார் நம்மவர், தட்டிப் பார்க்காமலே. ஆக்சில் மஞ்சள் பெயின்டில் இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. முன்சக்கரம் இழுத்தால் சக்திமான் என்பது இந்தத் தொழிலின் மரபு. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்து நம் ராணுவத்துக்குக் கொடுத்த லாரி அது. வண்டி செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் அதன் ஆக்சில்கள் மட்டும் இன்னும் பிறந்துகொண்டே இருக்கின்றன.

அதோடு, ஆள் பார்த்து அந்த இரும்பின் ஊர் பேர் மாறும். கரும்பு ஏற்றுகிற டிரெய்லருக்கு ஆக்சில் தேடி வந்தவரிடம், "டிரெய்லருக்குன்னே செஞ்ச கட்டைங் இது, அந்தக் குண்டை மட்டும் கழட்டிப் போட்டுருங்" என்றார். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் எதிர்க்கடையில் டீ குடிக்க இறங்கினார். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையில் இரும்பு ஆக்சிலும் பிரேக்கும் செய்து கொடுத்த கதையை நம்மவர் டீ ஆறுவதற்குள் அவருக்குச் சொல்லி முடித்தார். கமிட்டிக்காரர் ஊரில் இருப்பது ஓராள் தூக்குகிற சப்பரமாம். "நாளைக்கே தேர் செய்யாமயா போயிருவீங்?"

ஹவுசிங்கின் மேல் புடைப்பாக ஓர் எண் இருந்தது. இந்த எண் நம்மவருக்கு உயிர். கேட்டவர்க்கெல்லாம் "நம்பரோட இருக்குதுங்" என்பார். வார்ப்புக்கு வார்ப்படக்காரன் வைத்த எண் வேறு, முழு ஆக்சிலுக்குக் கம்பெனி வைத்த எண் வேறு. பின்னது சின்னத் தகட்டில் அடித்திருக்கும், அந்தத் தகடுதான் எப்போதும் முதலில் காணாமல் போகும். ஆனால் எண் இருக்கிறது என்றதும் வாங்க வந்தவர் முகத்தில் ஒரு மரியாதை வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசியில் மர்மத்தை உடைத்தவர் பக்கத்து லேத்துப் பட்டறைப் பெரியவர். அவர் எதையும் தட்டவில்லை, மோந்தும் பார்க்கவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் ஸ்டீயரிங் கை எந்தப் பக்கம் என்று பார்த்தார். இடது பக்கம் இருந்தது. டிரைவர் இடப்பக்கம் உட்காருகிற தேசத்து வண்டி என்பது அங்கேயே முடிவாயிற்று. ஹப்பில் ஸ்டட் பத்து. நம் கனரக லாரிகளில் பத்து ஸ்டட் என்றால், எதிரெதிர் ஸ்டட் நடுவுக்கு நடுவு பெரும்பாலும் 335 மில்லிமீட்டர் இருக்கும். இதில் 286க்கு ஒரு மயிரிழை குறைந்தது. மில்லிமீட்டரில் உருப்படாத அந்த அளவு, டேப்பைத் திருப்பி இன்ச்சில் பார்த்தால் கச்சிதமாக 11¼. "அமெரிக்கக்காரன் அளவு" என்றார் பெரியவர். கடைப் பையன் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, மஞ்சளுக்கு அடியிலிருந்து 'ராக்வெல்' என்ற எழுத்துகள் எழுந்து வந்தன.

அந்த வீட்டின் வம்சம் பெரியது. டிம்கன்-டெட்ராய்ட் ஆக்சில் கம்பெனி 1953இல் இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து ராக்வெல் ஆயிற்று. 1997இல் ஆக்சில் தொழிலை மெரிட்டர் என்று தனியே பிரித்தார்கள். 2022இல் கம்மின்ஸ் அதை வாங்கிவிட்டது. ராக்வெல் என்று எழுத்து இருந்தால், அது செய்த காலம் 1953க்கும் 1997க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று பெரியவர் நிதானமாக விளக்கினார். நம்மவர் இதில் இரண்டு வருஷங்களை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். பழைய வண்டி சேகரிக்கிற கோயமுத்தூர்க்காரர் போன் செய்தால், "அம்பத்தி மூணுங், இனி உலகத்துல கிடைக்காது". வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர் கேட்டால், "தொண்ணூத்தியேழுங், புதுசாட்டம் இருக்கும்".

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் முதலாளி ஒருவர் மட்டும் விஷயம் தெரிந்தவராக வந்தார். மேட்டுக் காட்டில் ஏறுகிற மாதிரி ஒரு வண்டி கட்ட வேண்டுமாம். வந்ததும் "ரேஷியோ என்னங்ணா?" என்றார். நம்மவர் அசரவில்லை. ஒரு பக்க டிரம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மற்ற டிரம்மைப் பையனை விட்டு ஒரு முழுச் சுற்று சுற்றச் சொல்லி, பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினார். "மூணரைங்!"

லேத்துப் பெரியவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் மட்டும் சுற்றினால் கிரவுன் பாதிதான் சுற்றும், ஆகவே கணக்கை இரட்டிப்பாக்கு, ஏழு என்றார். ரிக்காரர் வண்டியில் பின் ஆக்சில் ஆறுக்கும் கீழே. முன்னும் பின்னும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நடுவில் இருக்கிற பல்லெல்லாம் கொட்டும். "அதுக்கென்னங், முன்னாடி மட்டும் பெரிய டயரா போட்டுக்குங்" என்றார் நம்மவர். கணக்குப்படி அது தப்பே இல்லை. வண்டிதான் வானத்தைப் பார்த்து நிற்கும்.

ரிக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இந்த வியாபாரத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நம்மவர் அடுத்த வேலையில் இறங்கினார். ஆக்சிலைக் கழுவிக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். பையனை அதன் மேல் ஒரு காலை வைத்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். இடது கை ஸ்டீயரிங், 'எக்ஸ்போர்ட் மாடல்' ஆயிற்று. துருப்பிடித்த டிரம், 'ஒரு பக்கம் டைட் கண்டிஷன்'. விலை நேரில். வாட்சப்பில் லாரிக்காரர்கள் குழு, ரிக் குழு, கிரேன் குழு என்று எல்லாவற்றிலும் படம் ஏறியது. அங்கிருந்து விஜயவாடா, இந்தூர், நாக்பூர் என்று புரோக்கர் கை மாறி மாறிப் போனது. ஒவ்வொரு கையும் தன் கமிஷனைச் சேர்த்துக்கொண்டு, அழகுக்காகப் படத்தின் ஓரத்தை வெட்டியது. பையனின் காலும் போய்விட்டது.

பத்து நாள் கழித்து இந்தூர் புரோக்கர் ஒருவரிடமிருந்து நம்மவருக்குப் படம் வந்தது. அமெரிக்க ஆக்சில், அபூர்வம், ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். நம்மவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெளியே வெயிலில் கிடப்பதை எட்டிப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தோம்.

"இந்தூர்ல ரெண்டேகால் லட்சம் சொல்றாங். நம்முளுது ஒண்ணேகால்னு இத்தன நாளா ஏமாந்துட்டனே" என்றவர், பையனைக் கூப்பிட்டு விலையை மாற்றிச் சொல்லச் சொன்னார். பிறகு இந்தூர்க்காரருக்குப் பதில் அனுப்பினார்: "ரெண்டுன்னா எடுத்துக்கறனுங். ஜோடி இருக்குதான்னு பாருங்."