ஒன்பது அங்குலம்

எங்கள் காலனி நலச்சங்கத்துக்கு நான் இணைச் செயலாளர். தேர்தலில் நின்று ஜெயித்தேன் என்று எண்ணிவிட வேண்டாம். ஆண்டுக் கூட்டம் நடந்த அன்று மச்சினன் வீட்டுச் சீமந்தத்துக்கு மதுராந்தகம் போயிருந்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பதவி வந்துவிட்டது. கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவதால், எங்கள் சங்கத்தில் வராதவர்களை வைத்துத்தான் நிர்வாகக் குழுவே அமைகிறது.

ஊர், சென்னையின் தெற்கு விளிம்பு. அதற்குமேல் துல்லியமாகச் சொன்னால் நாளைக் காலை வாக்கிங்கில் நாலு பேர் முகத்தில் விழிக்க முடியாது.

விவகாரம் எங்கள் பூங்காவைப் பற்றியது. பெரிய நந்தவனம் ஒன்றுமில்லை, இருபத்திரண்டு கிரவுண்டு. ரெண்டு தூங்குமூஞ்சி மரம், ஒரு புங்கமரம், எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்றே யாருக்கும் விளங்காத உடற்பயிற்சிக் கருவிகள் ஏழு. எட்டு வடிவத்தில் ஒரு நடைபாதை. எட்டு போட்டு நடந்தால் சர்க்கரை குறையும் என்கிறார்கள். குறைகிறதோ இல்லையோ, எட்டின் இடுப்பில் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதி, யார் முதலில் போவது என்று ரத்த அழுத்தம் ஏறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு மூலையில் நந்தியாவட்டைப் புதர். அதன் முன்னால் 'பூக்களைப் பறிக்காதீர்' என்று போர்டு. காலை ஐந்தே காலுக்குமேல் அந்தப் புதரில் ஒரு பூவையாவது நான் கண்டதில்லை. ஐந்து மணிக்கு கேட் திறந்ததும் முதல் ஆளாக நுழைபவர் எங்கள் சங்கத் தலைவர். ஒரு கையில் பிளாஸ்டிக் கூடை, மறு கையில் துறட்டி. கேட்டால், "சாமிக்குத்தானே சார்" என்பார். போர்டு வைக்கச் சொல்லி மனு கொடுத்ததும் அவர்தான்.

பூங்காவின் பின்பக்கம் ஒன்பது அங்குலக் கனத்தில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில் தெரு. எங்கள் காலனிக்கு லேஅவுட் போடுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிற தெரு. அங்கே இருப்பவர்களைத்தான் நாங்கள் 'வெளியாட்கள்' என்போம். அந்தத் தெருக்காரர் முறைப்படி பூங்காவுக்கு வரவேண்டுமென்றால் மெயின் ரோட்டுக்குப் போய், பெட்ரோல் பங்க்கில் திரும்பி, காலனி ஆர்ச்சுக்குள் நுழைந்து, நாலு நாய்களைச் சமாளித்து முன் கேட்டுக்கு வரவேண்டும். ஒன்றே கால் கிலோமீட்டர். பூங்காவுக்கு வந்து சேர்வதற்குள் வாக்கிங் முடிந்துவிடும்.

ஆனால் அந்தச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. நாலடி உயரம், குனிந்தால் ஓர் ஆள் புகலாம்.

அந்த ஓட்டையை இடித்துப் பெரிதாக்கி ஒரு கேட் வையுங்கள், வயசானவர்களுக்குக் குனிய முடியவில்லை என்று பின்தெருக்காரர்கள் வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்தார்கள். செய்தி கேட்ட மாத்திரத்தில் எங்கள் சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, அதே ஓட்டையை நிரந்தரமாக அடைக்கச் சொல்லி எதிர்மனு கொடுத்தது. எழுதியவன் நான். 'பாதுகாப்பு' என்ற சொல் ஒரே பக்கத்தில் பதினோரு இடத்தில் வந்தது.

இரண்டு மனுவையும் கையில் வைத்துக்கொண்டு கவுன்சிலரம்மா ஒரே வார்த்தை சொன்னார்: "பகுதி சபையில பேசிக்கலாம்."

நகர்ப்புறத்து ஜனங்களும் கிராம சபை மாதிரி உட்கார்ந்து பேசட்டும் என்று வந்த ஏற்பாடு அது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் பம்மலில் இப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சேனலை மாற்றியவன் நான். நகர உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுக்கும் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்தது. அங்கிருந்து எங்கள் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்து சேர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதுவும் பெட்ரோல் பங்க் வழியாகச் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும்.

கூட்டம் பூங்காவிலேயே நடந்தது. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக். கவுன்சிலரம்மாவோடு அவருடைய வீட்டுக்காரரும் வந்து முன்வரிசையில் உட்காரப் பார்த்தார். "நீங்க போய் வண்டிய நிழல்ல போடுங்க" என்று அம்மா அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. அப்போதே எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது.

நாற்காலி போட்டவன் வேண்டுமென்று செய்தானோ, தற்செயலோ, கவுன்சிலரின் இருக்கை பின்சுவர் ஓட்டையைப் பார்த்தபடி அமைந்துவிட்டது. பின்தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து ஓட்டைக்குள் நுழைந்து நிமிர்ந்தார்கள். தமக்குத்தான் கும்பிடு என்று நினைத்துக் கவுன்சிலரம்மா ஒவ்வொருவருக்கும் பதில் வணக்கம் போட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது பேருக்கு மேல். கடைசியாக ஓர் ஆடு நுழைந்தது. அதற்கும் கை பாதி உயர்ந்ததை நான் பார்த்தேன்.

எங்கள் தலைவர் முதலில் பேசினார். "மேடம், நாங்க பிளாட் வாங்கும்போதே பூங்காவுக்கும் சேர்த்துத்தான் விலை குடுத்திருக்கோம். யார் வேணா வரலாம், போலாம்னா இது என்ன சத்திரமா? ராத்திரில உள்ள வந்து குடிக்கிறாங்க. காலைல பாட்டில் பொறுக்கறதே வாட்ச்மேனுக்கு வேலையாப் போச்சு. என்னப்பா?"

வாட்ச்மேன் எழுந்தார். ரொம்ப நேர்மையான மனுஷர். "ஆமாங்க மேடம். ஆனா அதெல்லாம் ஃபாரின் சரக்குங்க. பின்தெருல யாரும் அந்த விலைக்கு வாங்க மாட்டாங்க." சொல்லிவிட்டு அவர் கண் மூன்றாவது குறுக்குத் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசைப் பக்கம் லேசாகப் போனது. அந்த வரிசையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் செல்போனை எடுத்தார்கள்.

அடுத்து ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், எழுந்து லேஅவுட் பிளானை விரித்தார். இளைஞர், குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. வானிலை அறிக்கை மாதிரி வாசித்தார். 10,000 சதுர மீட்டருக்குமேல் லேஅவுட் போட்டால், ரோடு போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்பின் பேரில் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம்தான் இது. காலனிக்குச் சொந்தமில்லை, பொதுமக்களுக்குச் சொந்தம்.

"நாங்களும் பொதுமக்கள்தான சார்?" என்று ஒரு மாமி கேட்டார்.

"நீங்களும்தாம்மா" என்றார் ஏ.இ. அந்த 'உம்' எங்களை என்னமோ செய்தது.

அவர் பிளானைச் சுருட்டப் போனவர் நிறுத்தி, மறுபடி விரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இதுல பின்பக்கம் சுவரே இல்லையே. யார் கட்டினது?"

தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு குயில் கூவியது. சித்திரையில்கூட அத்தனை தெளிவாகக் கூவி நான் கேட்டதில்லை. சுவர் கட்டியது எங்கள் சங்கம். பழைய தலைவர் காலத்தில் வீட்டுக்கு இரண்டாயிரம் வசூலித்துக் கட்டியது. ரசீது என் வீட்டு இரும்பு பீரோவில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தைத் தூக்கி நிறுத்த என்னால் முடிந்ததைச் செய்தேன். பூங்காவுக்கு வேலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெட்ராஸ் சரித்திரத்திலிருந்து ஓர் உதாரணம் சொன்னேன். 1859-இல் கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், இப்போதைய சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேல் 'பீப்பிள்ஸ் பார்க்' என்று ஒன்று உண்டாயிற்று. பேரே மக்கள் பூங்கா. அதற்குள் மூர் மார்க்கெட் நுழைந்தது. விக்டோரியா ஹால் நுழைந்தது. 1913-இல் ரிப்பன் மாளிகை திறந்தார்கள். பிறகு நேரு ஸ்டேடியம். உள்ளே இருந்த மிருகக்காட்சி சாலைகூட, இடம் போதாமல் வண்டலூருக்குக் குடிபோயிற்று.

கவுன்சிலரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்க சொன்னதுல எல்லாம் கட்டடம்தான் உள்ள வந்திருக்கு. ஆளுங்க வந்ததால பூங்கா எங்க சார் போச்சு?" என்றார். பின்தெருப் பக்கம் கைதட்டல். எங்கள் பக்கத்திலும் ஒரே ஒரு ஜோடிக் கை தட்டியது. என் மனைவி.

அப்போதுதான் மாவு அக்கா எழுந்தார். பின்தெருவில் கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்கிறவர். எங்கள் காலனியில் பாதி வீட்டுத் தோசை அவர் கையால்தான் புளிக்கிறது.

"அக்கா," என்றார் கவுன்சிலரைப் பார்த்து, "அந்த ஓட்டைய நாங்க போட்டோம்னு மனுல எழுதியிருக்காங்க. நாங்க போடல. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல, டிசம்பர் ஒண்ணாந் தேதி ராத்திரி, இவங்க பக்கம் தேங்குன தண்ணிய எங்க தெருவுல வுடுறதுக்கு இவங்கதான் இடிச்சாங்க. என் கிரைண்டர் முழுவிப்போச்சு. சத்தம் கேட்டு வெளிய வந்து பாத்தேன். இருட்டுல யாரு மூஞ்சும் தெரியல. நாலஞ்சு பேரு கடப்பாரையோட நின்னாங்க. ஒருத்தரு டார்ச் அடிச்சிட்டிருந்தாரு."

நான் மரத்தைப் பார்த்தேன். தூங்குமூஞ்சி மரத்துக்கு எத்தனை இலை!

அந்த டார்ச் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, ரசீதுகளுக்குப் பக்கத்தில். அன்று ராத்திரி முழங்காலுக்குமேல் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. இடித்தவுடன் தண்ணீர் 'மடமட'வென்று போனதைப் பார்த்து நாங்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டோம். எங்கே போகிறது என்று டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மறுநாள், ஊரெல்லாம் பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றபோது, அதே ஓட்டை வழியாகப் பின்தெரு டீக்கடைக்காரர் தூக்குவாளியோடு வந்தார். எட்டு ரூபாய் டீ எட்டு ரூபாய்க்கே கொடுத்தார். அன்றிலிருந்துதான் அது ஓட்டை என்பது போய் வழி என்று ஆனது. வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள், இஸ்திரித் துணி, மாவு, டீக்குப் போகும் எங்கள் தலைவர், எல்லாம் அதில்தான் போக்குவரத்து.

கேட் வைக்கத் தீர்மானம் நிறைவேறியது. யாரும் எதிர்க்கவில்லை.

ஆனால் கேட் வைப்பது ஒரு வேலை, ஓட்டையைச் சரிசெய்வது வேறு வேலையாம். கேட்டுக்கு எஸ்டிமேட் போய் வரவேண்டும். சுவர்ப் பழுதுக்கு ஏற்கெனவே பணம் ஒதுக்கியாகிவிட்டது. எனவே மறுவாரமே ஒரு கொத்தனாரும் சித்தாளும் வந்து, ஓட்டையை அழகாகச் செங்கல் வைத்து அடைத்து, பூசி, தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போனார்கள். நாங்கள் எதிர்மனுவில் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு வரவேண்டிய எங்கள் வீட்டுப் பெண் ஏழே முக்காலுக்கு வந்தார். "சுத்திக்கிட்டு வரணும்ல சார்" என்றார், நியாயமாக. என் மனைவி சிங்க்கில் கிடந்த பாத்திரங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாதுகாப்பா இருக்கா?" என்றாள். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க நான்தான் பாத்திரம் தேய்த்தேன். மாவுக்கு நான் ஸ்கூட்டரில் போனேன். இஸ்திரிக்காரர் வீட்டுக்கு வந்து வாங்குவதை நிறுத்திக்கொண்டார். வாட்ஸ்அப் குழுவில் 'அந்த கேட் என்ன ஆயிற்று?' என்று கேட்டவர்கள் எல்லோரும் எதிர்மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்.

ஒருநாள் காலை ஐந்தரைக்குப் பூங்காவின் பின்பக்கம் போனேன். ஒரு சிமென்ட் பெஞ்ச், பொதுச்சொத்து, சுவரோரம் இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் எங்கள் தலைவர். கையில் துறட்டி. கூடையில் பூ இல்லை. துறட்டியைச் சுவருக்கு மேலாக நீட்டி, மெதுவாக, தூண்டில்காரர் மாதிரி இழுத்தார். நுனிக் கொக்கியில் ஒரு சின்னத் தூக்கு ஆடிக்கொண்டே வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து டீக்கடைக்காரர் குரல்: "சிந்தாமப் புடிங்க சார்!"

தலைவர் என்னைப் பார்த்துவிட்டார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

"ஒரு டம்ளர்தான் இருக்கு" என்றார்.

அன்று மத்தியானமே கேட்டைத் துரிதப்படுத்தச் சொல்லி மனு எழுதினேன். இந்த முறை 'மனிதாபிமானம்' ஒன்பது இடத்தில் வந்தது.

ஒருவழியாக எஸ்டிமேட் வந்து, அடைத்ததை அதே கொத்தனாரே இடித்து, வெல்டரும் வந்தார். கேட் மூன்றரை அடி அகலம், சக்கர நாற்காலி நுழைகிற அளவு. அது நாங்கள் கேட்காமலே ஏ.இ. செய்தது, அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, வெல்டர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தாப்பா எந்தப் பக்கம் சார் வெக்கட்டும்?"

உள்பக்கம்தான் என்றோம் நாங்கள். உள்பக்கம்தான் என்றார்கள் அவர்களும். எது உள்பக்கம் என்பதில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. கவுன்சிலரம்மாவுக்குப் போன் போட்டோம். அவர் வேறொரு தெருவில் குடிநீர்ச் சண்டையில் இருந்தார். "ரெண்டு பக்கமும் வெச்சு வுடச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

வைத்தார்கள். ராத்திரி ஒன்பதுக்கு எங்கள் வாட்ச்மேன் இந்தப் பக்கம் போடுவார், மாவு அக்கா அந்தப் பக்கம் போடுவார். நேற்று வாட்ச்மேன் லீவு. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கு நானே போனேன். நல்ல இருட்டு. டார்ச் அடித்தபடி எங்கள் பக்கத் தாழ்ப்பாளைத் தள்ளினேன், புதுப் பெயின்ட் ஒட்டியது. கேட்டை இழுத்தேன். அசையவில்லை.

அந்தப் பக்கம் கிரைண்டர் சத்தம் நின்றது.

"இருங்க டார்ச் சார், தோ வர்றேன்."